முகம் கொடுத்தவன் பட்ட கடன்

கதையை முடித்துத் தருவது எழுத்தாளனுடைய கடமையா, இல்லை, அது அவனுடைய இஷ்டமா?

வியாபாரி விஷயத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. ஒரு படி அரிசிக்குப் பணம் வாங்கிக்கொண்டு அரைப்படி அளந்து கொடுத்தால் அதற்கு மோசடி என்று பெயர். ஆனால் கதை அரிசியல்லவே! பாதிக் கதை படித்தவன் பாதிச் சுகத்தை அனுபவித்துவிட்டான். மீதியை அவனே கற்பனை செய்துகொள்ளட்டும் என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். வாழ்க்கையில் எதுவுமே முடிவதில்லை, கதை மட்டும் ஏன் முடியவேண்டும் என்பது அவர்கள் கட்சி. வாழ்க்கையில் எல்லாமே முடிகிறது, முடிகிறது என்பதனால்தான் அதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது என்பது என் கட்சி.

இந்தப் பழைய வழக்கை மறுபடி எடுத்துப் பேசும்படி என்னைத் தூண்டியது ஒரு புதுவகைக் கதை. 'விஷுவல் நாவல்' என்று அதைச் சொல்லுகிறார்கள். கம்ப்யூட்டர் திரையில் ஒரு படம்: பள்ளிக்கூட வராந்தா, அதற்கப்பால் அந்தி வானம். அந்தப் படத்தின் முன்னால் ஒரு பெண் நிற்கிறாள். கீழே ஒரு கட்டத்துக்குள் நாலு வரி எழுத்து. தட்டினால் அடுத்த நாலு வரி. வார்த்தை மாற மாற அவள் முகமும் மாறுகிறது. பின்னணியில் சங்கீதம் ஒலிக்கிறது. சில இடங்களில் கதை சட்டென்று நின்று நம்மைப் பார்த்துக் கேட்கிறது: 'இவளோடு வீடுவரை நடந்து போகிறாயா, போகவில்லையா?' நாம் சொல்லும் பதிலுக்கு ஏற்றபடி கதை ஒரு கிளையில் திரும்பிவிடுகிறது. கதாநாயகன் நாம், அவன் செய்யும் நல்லது கெட்டது எல்லாம் நம் கணக்கில்.

இது ஜப்பானில் வளர்ந்த கலை. 1992-ல் 'ஓதோகிரிஸோ' என்ற பயங்கரக் கதை, திரையில் படிக்கும் நாவலுக்கு ஒரு வழிகாட்டியாக வந்தது. 1996-ல் லீஃப் என்ற நிறுவனம் தன் வெளியீடுகளுக்கு 'விஷுவல் நாவல்' என்று பெயர் சூட்டியது. இவற்றில் கணிசமானவை பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்கென்றே செய்யப்பட்டவை. காதல் அவற்றில் கண்ணோடு நிற்பதில்லை, கட்டில்வரை போகிறது. அதையும் படமாகக் காட்டுகிறார்கள்.

"இதைப் பற்றியா எழுத வந்தீர்?" என்று முகம் சுளிக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. சுளிக்கவேண்டிய இடம் ஒன்று இருக்கிறது என்று நானும் ஒப்புக்கொள்ளுகிறேன். ஆனால் அந்த இடம் நீங்கள் நினைக்கும் இடந்தானா என்பதே என் விசாரம்.

முதலில் ஒரு கதையைச் சொல்லிவிடுகிறேன். பெயர் 'த்ஸுகிஹிமே', சந்திர இளவரசி என்று பொருள். பள்ளிக்கூட நாளிலிருந்தே சிநேகிதர்களான இருவர் செய்தது. கினோகோ நஸு எழுதினார். தாகாஷி தாகேயுச்சி படம் வரைந்தார். தோக்கியோவில் கோமிகெட் என்று ஒரு பெரிய சந்தை 1975-லிருந்து நடந்து வருகிறது. பதிப்பாளர் தயவு இல்லாமல், எழுதியவர்களே மேஜை போட்டு உட்கார்ந்து தங்கள் சரக்கை விற்கும் சந்தை. அங்கேதான், 2000-ம் வருஷம் டிசம்பரில், 'த்ஸுகிஹிமே' விலைக்கு வந்தது.

அதன் கதாநாயகன் சிறுவயதில் சாவின் வாசல்வரை போய்த் திரும்பியவன். திரும்பி வந்தபோது அவன் கண்ணுக்கு ஒரு விபரீத சக்தி வந்துவிட்டது. மனிதன், மரம், மேஜை, சுவர் எதைப் பார்த்தாலும் அதன்மேல் கோடுகள் தெரிகின்றன. அந்தப் பொருள் எங்கே முடியுமோ அந்தக் கோடுகள்! அவற்றின் வழியே ஒரு சிறு கத்தியை ஓட்டினால் போதும், எதுவானாலும் அழிந்துவிடும். எல்லாவற்றின் முடிவையும் பார்த்துக்கொண்டே வாழ எவனால் முடியும்? ஆகவே ஒரு விசேஷ மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு தன் கண்ணை மறைத்து வைத்திருக்கிறான்.

அந்தக் கதையில் ஐந்து பெண்கள். ஐந்து பேருக்கும் ஐந்து கிளைகள். ஆறாவதாக ஒருத்தி உண்டு. யுமிஸுகா ஸத்ஸுகி என்று பெயர், அவன் வகுப்பிலேயே படிக்கிறவள். கதையின் ஆரம்பத்தில் ஒரு நாள் இருவரும் சேர்ந்து வீடு திரும்புகிறார்கள். முன்பொரு முறை தானும் தோழிகளும் ஓர் அறையில் அகப்பட்டுக்கொண்டபோது அவன் வந்து விடுவித்ததை அவள் நினைவுபடுத்துகிறாள். இன்னொரு முறை ஆபத்து வந்தால் அப்போதும் காப்பாற்றுவாயா என்கிறாள். அவனும் சரி என்கிறான். சிறிது நாளில் அவளை இரத்தம் குடிக்கும் பிசாசு ஒன்று தீண்டுகிறது. அவளும் அப்படியே ஆகிவிடுகிறாள். ஒரு கிளையில், காப்பாற்றுவதாகச் சொன்ன அவன் கையாலேயே அவள் சாகிறாள்.

அவளுக்கென்றும் ஒரு கிளை எழுதுவதாகத்தான் திட்டம் இருந்தது. எழுதப்படவில்லை. அதை விட்டுவிட்டு மற்ற ஐந்தையும் முடித்து வெளியிட்டார்கள். வாசகர்கள் அதை மறக்கவில்லை. அவளுக்குச் செல்லப்பெயர் வைத்தார்கள். அவளைப் பற்றிப் பரிதாபமாகக் கேலியும் பேசினார்கள். 'அவள் கதை எங்கே?' என்று வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டேயிருந்தார்கள். 2008-ல், முழுக் கதையையும் புதிதாகச் செய்யப்போவதாக அறிவிப்பு வந்தது. 2021 ஆகஸ்டில், பதின்மூன்று வருஷம் கழித்து, அதன் முதற்பாகம் வந்தது. படங்கள் பார்த்த கண்ணை அப்பால் எடுக்க விடாதவை. ஆனால் ஐந்து கிளைகளில் இரண்டுதான் அதில் இருந்தன. ஸத்ஸுகிக்குக் கிளை அதிலும் இல்லை.

இல்லாத ஒரு பெண்ணுக்காக இத்தனை பேர் இத்தனை வருஷம் ஏன் ஏங்கவேண்டும்? அவள் வெறும் மையும் வர்ணமுந்தானே?

எழுத்திலே ஒரு பாத்திரத்தை அரைகுறையாக விடலாம். 'அடுத்த வீட்டில் ஒரு பெண் இருந்தாள்' என்று எழுதிவிட்டு நான் மேலே போய்விட்டால், யாரும் என்னைக் கோர்ட்டுக்கு இழுக்கமாட்டார்கள். அவளுக்கு நான் முகம் கொடுக்கவில்லை. படம் வரைகிறவனுக்கு இந்தச் சலுகை கிடையாது. கூந்தல், கண், சீருடை, வெட்கம், தயக்கம் அத்தனையையும் அவன் கொடுத்தாகவேண்டும். கொடுத்துவிட்டால் அவள் முழு உருவத்தோடு நம் எதிரே நிற்கிறாள். முழுசாக நிற்கும் ஒருத்தியைப் பார்த்தால், இவளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்காமல் மனிதனால் இருக்க முடியாது. படம் எவ்வளவுக்கெவ்வளவு அழகாயிருக்கிறதோ அவ்வளவுக்கவ்வளவு அந்தக் கேள்வி உரத்துக் கேட்கிறது. முகம் கொடுத்தவன் அந்த நிமிஷமே கடனாளியாகிவிடுகிறான்.

முகத்துக்கே இந்தக் கதி என்றால், உடலையும் திறந்து காட்டிவிட்டவன் நிலைமை என்ன?

இங்கேதான் ஆபாசம் என்கிற சொல் வருகிறது. ஆபாசம் என்றால் துணி இல்லாமை என்று நம்மில் பெரும்பாலோர் நினைக்கிறோம். ஜப்பானியச் சட்டமும் ஏறக்குறைய அப்படியே நினைக்கிறது. அவர்களுடைய குற்றவியல் சட்டத்தின் 175-வது பிரிவு ஆபாசமானவற்றைப் பரப்புவதைத் தடுக்கிறது. அதனால் இந்தக் கதைகளின் படங்களில் குறிப்பிட்ட இடங்களைச் சின்னச் சின்னச் சதுரங்களால் மங்கலாக்கிவிடுகிறார்கள். சதுரம் போட்டுவிட்டால் சட்டத்துக்குத் திருப்தி. தர்மத்துக்குத் திருப்தியா?

காளிதாசனுடைய சாகுந்தலத்தை நினைத்துப் பாருங்கள். மூன்றாவது அங்கத்தில், கொடி வீட்டிலே, ராஜாவும் ஆசிரமத்துப் பெண்ணும் பெரியவர்கள் சம்மதம் கேட்காமல் ஒருவரையொருவர் அடைகிறார்கள். அந்த அங்கத்தின் சிருங்காரத்தைப் படித்து நாம் யாரும் முகம் சுளிப்பதில்லை. ஏன்? நாலாவது அங்கத்தில் சாபம் வருகிறது. ஐந்தாவது அங்கத்தில், வயிற்றில் குழந்தையோடு சபையில் நிற்கும் அவளைப் பார்த்து, 'உன்னை எனக்குத் தெரியாது' என்கிறான் அதே ராஜா. ஆறாவதில் அவன் வெந்து சாகிறான். ஏழாவதில் பிள்ளை சிங்கக் குட்டியோடு விளையாடிக்கொண்டிருக்கிறது. கொடி வீட்டில் நடந்ததற்கு ஒவ்வொரு கண்ணீராக விலை கொடுத்துத் தீர்க்கிறார்கள்.

இப்போது, மூன்றாவது அங்கத்தோடு காளிதாசன் எழுத்தாணியை வைத்துவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வரிகூட மாறவில்லை. கூடுதலாக ஒரு துணியும் அவிழவில்லை. ஆனால் அதே காட்சி அருவருப்பாகிவிடும். ஊருக்கு வந்த பெரிய மனிதன் ஒருவன் ஏழைப் பெண்ணை அனுபவித்த கதை, அவ்வளவுதான்! உடலைக் காட்டியது குற்றமல்ல. உடலுக்குச் சொந்தக்காரி ஒருத்தி இருக்கிறாள், நாளைக்கும் அவள் பொழுது விடியும் என்பதை மறைத்துவிடுவதுதான் குற்றம். பின்விளைவு இல்லாத இன்பத்தைத்தான் நான் ஆபாசம் என்பேன்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு இன்றைய விஷுவல் நாவல்களைப் பார்த்தால், முடியாத கதை என்பது வெறும் சோம்பேறித்தனப் பிரச்னையாக இல்லாமல் தர்மப் பிரச்னையாகிவிடுகிறது.

2004-ல் ரென்பை என்ற சாதனம் இலவசமாகக் கிடைக்க ஆரம்பித்தது. தனி மனிதன் ஒருவன் வீட்டில் உட்கார்ந்தபடியே இத்தகைய கதை செய்ய அது வழிவகுத்தது. படம் வரையத் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. ஆயத்தமாகக் கிடைக்கும் முப்பரிமாணப் பொம்மைகளை நிற்கவைத்து, உட்காரவைத்து, வெளிச்சம் அமைத்துக் கொடுத்தால், கம்ப்யூட்டர் ஒவ்வொரு படமாகக் கணக்குப் போட்டு வார்த்துத் தருகிறது. தோலின் மினுமினுப்பு, ஈரக் கூந்தலின் ஒவ்வோர் இழை, ஜன்னல் கண்ணாடியில் வழியும் மழை, எல்லாம் தத்ரூபம். 2013-ல் பேட்ரியான் வந்தது. ரஸிகர்கள் மாதாமாதம் ஒரு தொகை அனுப்பிக் கலைஞனைக் காப்பாற்றும் ஏற்பாடு அது.

ஏற்பாடு நல்லதுதான். ராஜாக்கள் செய்ததை ஜனங்கள் செய்கிறார்கள். ஆனால் அதற்குள் ஒரு விஷப்பல் ஒளிந்திருக்கிறது. கதை நடந்துகொண்டிருக்கும்வரைதான் மாதப் பணம். முடிந்த மறுமாதம்? இந்தக் கதைகள் தவணை தவணையாக வருகின்றன. ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நம்பர்: புள்ளி ஒன்று, புள்ளி இரண்டு, புள்ளி மூன்று. முழு ஒன்று என்ற எண் வந்தால் கதை முடிந்தது என்று அர்த்தம். அந்த ஒன்றை எட்டாமலே வருஷக்கணக்கில் புள்ளிகளில் ஊர்ந்துகொண்டிருக்கும் கதைகள் எத்தனையோ! தவணைக்குத் தவணை புதிதாக ஒருத்தி வருகிறாள். படுக்கையறை விளக்கு அணைகிறது, அல்லது அணையாமலே இருக்கிறது. அதன்பிறகு 'இந்தப் பதிப்பில் இவ்வளவுதான்' என்று திரை சொல்லிவிடுகிறது. மறுநாள் காலை அவள் கண் விழித்து என்ன நினைத்தாள் என்பது அடுத்த தவணைக்கு. அடுத்த தவணையில் வேறொருத்தி வந்துவிடுகிறாள்.

எல்லாரையும் நான் குற்றம் சொல்லவில்லை. பகலில் வேறு உத்தியோகம் பார்த்துவிட்டு இரவில் கண் விழித்து வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே ஒரு நல்ல படத்தை வார்த்தெடுக்கப் பல மணி நேரம் போவதுண்டு. நோயும் கடனும் அவர்களுக்கும் உண்டு. ஆனால் வாராவாரம் தொடர்கதை எழுதிப் பிழைக்கும் எனக்கு, இந்த ஆசையின் குரல் நன்றாகத் தெரியும். 'கதை சூடுபிடித்திருக்கிறது, இன்னும் ஆறு மாதம் இழுக்கலாமே' என்று அது காதோரம் பேசும். அதைக் கேட்காத தொடர்கதை ஆசிரியன் இந்தத் தமிழ்நாட்டில் இருக்கமுடியாது. கேட்டுவிட்டு என்ன செய்கிறான் என்பதில்தான் அவனுடைய யோக்கியதை இருக்கிறது.

பணம் வந்தும் முடியாத கதைகளைச் சொன்னேன். பணமே வாங்காமல் முடித்த ஒன்றையும் சொல்லவேண்டும். ராய்டா என்ற ஜப்பானிய ஓவியர் வேடிக்கையாக ஒரே ஒரு பக்கத்தில் சில பெண்களைக் கோட்டுச் சித்திரமாக வரைந்து, இப்படியொரு கதை வந்தால் எப்படி இருக்கும் என்று காட்டியிருந்தார். எல்லாரும் உடற்குறை உள்ள மாணவிகள். 2007-ல் அந்தப் பக்கத்தைப் பார்த்த வெவ்வேறு தேசத்துக்காரர்கள், ஒருவர் முகம் ஒருவர் அறியாதவர்கள், அதைக் கதையாக்கப் புறப்பட்டார்கள். கால் இழந்தவள் ஒருத்தி, கண் தெரியாதவள் ஒருத்தி, காது கேளாதவள் ஒருத்தி, இரு கையும் இல்லாதவள் ஒருத்தி, தீயில் முகம் வெந்தவள் ஒருத்தி; அவர்கள் நடுவே இருதய நோய்க்காரனான கதாநாயகன். ஐந்து வருஷம் உழைத்து, 2012 ஜனவரி 4-ம் தேதி, 'கதாவா ஷோஜோ' என்ற அந்தக் கதையை முழுமையாக, இலவசமாக வெளியிட்டார்கள்.

அதிலும் படுக்கையறை உண்டு. வேண்டாதவர்கள் அந்தக் காட்சிகளை மறைத்துக்கொண்டு படிக்கவும் வசதி உண்டு. ஆனால் தீப்பட்ட முகத்தை உடைய ஹனகோவின் கிளையைப் பாருங்கள். அவளும் கதாநாயகனும் உடலால் நெருங்குகிறார்கள். அது ஆனந்தமாக முடியவில்லை, சங்கடமாக முடிகிறது. அவன் தன்னைப் பாதுகாக்கவேண்டிய பரிதாபப் பொருளாக மட்டும் பார்த்துவிட்டான் என்ற வலி அவளுக்கு. இத்தனை நாளும் அவளைச் சரியாகப் பார்க்கவே இல்லை என்ற வெட்கம் அவனுக்கு. பிறகு இருவரும் உட்கார்ந்து பேசுகிறார்கள். அந்தப் பேச்சுக்காகவே அந்தக் காட்சி இருக்கிறது. அந்தப் பேச்சுக்கு முன்னால் கதையை நிறுத்தியிருந்தால், வடுப்பட்ட ஒரு பெண்ணின் உடம்பை வேடிக்கை பார்த்ததாகத்தான் முடிந்திருக்கும்.

இந்த வித்தியாசத்தைச் சட்டமும் வியாபாரமும் பார்ப்பதில்லை. 2025 ஜூலையில் பணப் பட்டுவாடா நிறுவனங்கள் நெருக்கியதால், ஸ்டீம் என்ற விற்பனைத் தளம் வயது வந்தோருக்கான ஆட்டங்கள் பலவற்றை நீக்கியது. இட்ச் என்ற மற்றொரு தளம் அந்த வகையைச் சேர்ந்த எல்லாவற்றையும் தேடினாலும் அகப்படாதபடி ஒரே நாளில் மறைத்தது. முடிந்ததும் முடியாததும், நல்லதும் கெட்டதும், எல்லாம் ஒரே கூடையில். எவ்வளவு தோல் தெரிகிறது என்று அளக்கத் தெரிந்தவர்களுக்கு, தோலுக்குள்ளே ஆள் இருக்கிறாளா என்று பார்க்கத் தெரியவில்லை.

"அப்படியானால் முடிக்காதவர்கள் எல்லாரும் குற்றவாளிகளா?" என்று கேட்பீர்கள்.

இல்லை. 'அமரதாரா' பத்திரிகையில் வந்துகொண்டிருந்தபோதே, 1954 டிசம்பர் 5-ம் தேதி கல்கி காலமாகிவிட்டார். அந்தக் கடனை யமன் ரத்து செய்துவிட்டான். ஆனாலும் அவர் மகள் ஆனந்தி, தகப்பனார் விட்டுச்சென்ற குறிப்புகளை வைத்துக்கொண்டு அதை எழுதி முடித்தார். தகப்பன் பட்ட கடனைப் பிள்ளைகள் தீர்க்கும் வழக்கம் நமக்குத் தெரியும். கதைக் கடனுக்கும் அது செல்லும் என்று அந்தப் பெண்மணி நினைத்திருக்கவேண்டும். முடிக்காமல் போவது வேறு. முடிக்காமல் வைத்திருப்பது வேறு. முன்னதற்கு அனுதாபப்படலாம், பின்னது பிழைப்பு.

ஸத்ஸுகி விஷயத்துக்கு வருகிறேன். அவளை எழுதியவர்கள் எந்தக் கட்சி? ஆறு கிளைகளையும் பாதி பாதியாக விற்காமல், ஒன்றை வெட்டி ஐந்தை முடித்தார்கள். அது கைநாணயந்தான். இன்னும் சொல்லப்போனால், அவளுக்கு முடிவு கிடைக்கவில்லை என்பதே சரியல்ல. கிடைத்திருக்கிறது, அவன் கத்தியில். கிடைக்காதது சுகம். எழுத்தாளன் தன் பாத்திரங்களுக்குச் சுகம் தரக் கடமைப்பட்டவனல்ல. நம்மையெல்லாம் படைத்தவனே அப்படிக் கடமைப்பட்டதாகத் தெரியவில்லை.

ஆனால் ஒன்று. ஆபத்தில் வந்து காப்பேன் என்று அவளுக்கு ஒரு வாக்குக் கொடுக்கப்பட்டது. கொடுத்தவன் கதாநாயகன், அவன் ஸ்தானத்தில் உட்கார்ந்து 'சரி' என்று சொன்னவர்கள் வாசகர்கள். இருபது வருஷமாக அவர்கள் கேட்டது ஸத்ஸுகியின் சந்தோஷத்தை மட்டுமல்ல; தாங்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்ற ஒரு சந்தர்ப்பத்தை. இதை நினைத்தால் எனக்கு அந்த வாசகர்கள்மேல் பெரிய மரியாதை உண்டாகிறது. அழகான படத்தைப் பார்த்தார்கள், அதோடு போய்விடவில்லை. இவளுக்கு நாம் பதில் சொல்லவேண்டுமே என்று தவித்தார்கள். ஒரு பொம்மையிடம் காட்டிய அந்தத் தவிப்பு, அடுத்த வீட்டுப் பெண்ணிடமும் ஒரு நாள் தோன்றாமலா போகும்?

ஆகவே வாசகனுக்கும் இதில் பங்கு இருக்கிறது. மாதாமாதம் பணம் அனுப்பி, புதுத் தவணையில் புதுப் படம் எத்தனை என்று எண்ணுகிறவன், முடிவைக் கேட்பதில்லை. முடிவு வந்தால் கணக்குத் தீர்க்கவேண்டும். யாரை ஏமாற்றினோம், யாரைக் கைவிட்டோம் என்று பார்க்கவேண்டும். முடியாத கதையில் அந்தத் தொல்லை இல்லை. எல்லாப் பெண்களும் என்றைக்கும் சிரித்துக்கொண்டே நிற்பார்கள். ஆசிரியன் ஏமாற்றுகிறான் என்று நாம் சொல்லுகிறோம். ஏமாற விரும்புகிறவன் இல்லாமல் எவனும் ஏமாற்றமுடியாது.

'த்ஸுகிஹிமே'யின் கதாநாயகனுக்கு எதைப் பார்த்தாலும் அதன் முடிவுக் கோடு தெரிந்தது. அந்தப் பார்வை அவனுக்குச் சாபமாக இருந்தது. மற்ற மனிதர்களுக்கு அது ஓரளவு வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது. கதை எழுதுகிறவனுக்கு மிகவும் வேண்டும். எதிரே நிற்கும் உருவம் எவ்வளவு அழகானாலும், இதற்கு ஒரு நாளை உண்டு, ஒரு முதுமை உண்டு, ஒரு முடிவும் உண்டு என்று தெரிந்து பார்ப்பவன் அதைக் கை கூசாமல் தொடமாட்டான். அப்படித் தொடுகிறவனுக்கு எதையும் திறந்து காட்டும் உரிமை உண்டு. முடிவைப் பற்றிக் கவலை இல்லாதவன் ஒரு முந்தானையை விலக்கினாலும் அது அபசாரந்தான்.